தாயின் நோய் எதிர்ப்பாற்றலும் கருவின் பாதுகாப்பும்

மனித உடல் அந்நியமான எதையும் எளிதில் ஏற்பதில்லை. மாற்றிப் பொருத்தப்பட்ட சிறுநீரகத்தைக்கூட, மருந்துகளால் கட்டுப்படுத்தாவிடில், நோய் எதிர்ப்பு மண்டலம் தாக்க முற்படும். ஆயினும், தந்தையிடமிருந்து பாதி மரபணுக்களைப் பெற்ற கருவைத் தாயின் உடல் ஒன்பது மாதங்கள் தாங்கி வளர்க்கிறது. இது எவ்வாறு இயலுகிறது என்னும் வினாவைப் பிரித்தானிய அறிவியலாளர் பீட்டர் மெடவார் 1953இல் எழுப்பினார். தாயின் எதிர்ப்பாற்றல் வெறுமனே குன்றிவிடுவதில்லை, கருவுக்கு ஏற்பத் தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது என்பதே இன்றைய அறிவியலின் விடை.

கருப்பையில் நிகழ்வது என்ன?

நஞ்சுக்கொடியின் புற உயிரணுக்கள், அந்நியத் திசு என்பதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளப் புரதங்களுள் பெரும்பாலானவற்றை வெளிக்காட்டுவதில்லை. கருப்பையின் உட்சுவரில் ‘இயற்கைக் கொல்லி உயிரணுக்கள்’ பெருகுகின்றன. பெயர் அச்சம் தந்தாலும், இவை கருவை அழிப்பவையல்ல. தாயின் இரத்தக் குழாய்கள் விரிவடைந்து நஞ்சுக்கொடிக்குப் போதிய இரத்தம் செல்வதற்குத் துணைபுரிபவை. அக்குழாய்கள் சரிவர விரியாதபோது, தாய்க்கு உயர் இரத்த அழுத்தமும் கருவுக்கு வளர்ச்சிக் குறைவும் ஏற்படக்கூடும். கர்ப்பகாலப் பரிசோதனைகளில் இரத்த அழுத்தம் தவறாது அளக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இரத்த வகை பொருந்தாதபோது

தாய் ஆர்.எச். நெகட்டிவ் வகையினராகவும் குழந்தை ஆர்.எச். பாசிட்டிவ் வகையினதாகவும் இருப்பின், குழந்தையின் இரத்தம் தாயின் இரத்தத்தில் கலக்கும்போது அதற்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உருவாகலாம். முதற் குழந்தைக்குப் பெரும்பாலும் பாதிப்பு நேர்வதில்லை. அடுத்த குழந்தைக்கு அது உயிராபத்தாகலாம். இதனைத் தடுக்க, ஆஸ்திரேலியாவில் வழக்கமாக 28ஆம், 34ஆம் வாரங்களில் ‘ஆன்டி-டி’ ஊசி வழங்கப்படுகிறது. பிறந்த குழந்தை பாசிட்டிவ் எனில், 72 மணி நேரத்திற்குள் மீண்டும் வழங்கப்படும். நெகட்டிவ் வகைத் தாய்மார் இரத்தப்போக்கு ஏற்பட்டாலோ வயிற்றில் அடிபட்டாலோ தாமதியாமல் மருத்துவமனையை நாடுதல் வேண்டும். தெற்காசியரிடையே இவ்வகை குறைவாகக் காணப்படினும், ஒவ்வொரு தாயும் தமது இரத்த வகையை அறிந்திருத்தல் அவசியம்.

கருச்சிதைவு மீண்டும் மீண்டும் நேர்ந்தால்

கருச்சிதைவுக்குத் தாயின் உணவோ வேலையோ நடையோ காரணம் எனக் குடும்பத்தினர் குறைகூறுவதுண்டு. முதல் மூன்று மாதங்களில் நேரும் சிதைவுகளுள் பெரும்பகுதி, கருவின் குரோமோசோம் குறைபாடுகளால் ஏற்படுகின்றது. அது எவருடைய குற்றமும் அன்று. எனினும், தொடர்ந்து சிதைவு நேர்ந்தால் காரணத்தை ஆராய வேண்டும். ‘ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்குறி’யில், உடலே உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தை உறையச் செய்வதுடன் நஞ்சுக்கொடியையும் பாதிக்கின்றன. குறைந்தது 12 வார இடைவெளியில் இருமுறை செய்யப்படும் இரத்தப் பரிசோதனையால் இதனை உறுதிப்படுத்தலாம். மருத்துவர் மேற்பார்வையில் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பரின் ஊசியும் பெற்று, இந்நோயுள்ள பலர் நலமாகக் குழந்தை பெறுகின்றனர்.

சில இடங்களில் இரத்தத்திலுள்ள இயற்கைக் கொல்லி உயிரணுக்களை எண்ணி, அவற்றை அடக்கும் சிகிச்சை அதிக கட்டணத்தில் பரிந்துரைக்கப்படுகிறது. இரத்தத்திலுள்ளவை கருப்பையிலுள்ளவற்றினின்று வேறுபட்டவை; ஆதலால் அவ்வெண்ணிக்கை கருப்பையின் நிலையை உணர்த்துவதில்லை. பணம் செலுத்துமுன் மற்றொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டறிவது நன்று.

தாய் தரும் முதற் காப்பு

தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தையை அடைந்து, பிறந்தபின் சில மாதங்கள் காக்கின்றன. எனவே ஒவ்வொரு கர்ப்பத்தின்போதும் கக்குவான் தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது. 20 முதல் 32 வாரங்கள் அதற்கு உகந்த காலம். சளிக்காய்ச்சல் தடுப்பூசியைக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் பெறலாம். தேசியத் தடுப்பூசித் திட்டத்தின்கீழ் இவ்விரு தடுப்பூசிகளும் கர்ப்பிணிகளுக்கு இலவசம்.

உதவி பெறும் வழி

கர்ப்பம் உறுதியானவுடன் குடும்ப மருத்துவரைச் சந்தியுங்கள். முந்தைய கருச்சிதைவு, இரத்தம் உறைந்த வரலாறு, லூபஸ் போன்ற நோய்கள் இருப்பின் மறையாது தெரிவியுங்கள். ஆங்கிலத்தில் உரையாடுவது கடினமெனில், முன்பதிவு செய்யும்போதே தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தேசிய மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்புச் சேவையின் தொலைபேசி எண் 131 450.