‘எப்படி ஆச்சு?’ என்று கேட்டவர்கள்

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. எங்கள் தென்மாவட்டங்களில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. பிணம் எடுத்த அன்று ராத்திரிச் சோறு யார் பொறுப்பு, மறுநாள் காலை இட்லி எந்தச் சம்பந்தி வீட்டிலிருந்து, மூன்றாம் நாள் எந்தப் பங்காளி என்பதெல்லாம் முறை வைத்து நடக்கும். தாளிக்காத குழம்பு, ஒரு துவையல், தூக்குவாளியில் ரசம். பறிகொடுத்தவள் “பசிக்கல” என்பாள். “பசிக்குன்னு யாரு சொன்னா, ஒரு வாய் வாங்கு” என்று ஏதோ ஒரு கிழவி உருட்டி உள்ளங்கையில் வைத்துவிட்டு, அது உள்ளே போகும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள்.

உதவி வேண்டும் என்று யாரும் வாய் திறந்து கேட்கவில்லை என்பதுதான் இதில் பெரிய விஷயம். கேட்கிற நிலையில் அவள் இல்லை என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. வருவது அவர்கள் கடமை. வராவிட்டால்தான் பேச்சு வரும்: “எங்கப்பா செத்ததுக்கு எட்டிப் பாக்காதவன்” என்று இருபது வருடம் கழித்துக் கல்யாணப் பந்தலில் சண்டை வெடிக்கும். அன்பு இருந்ததோ இல்லையோ, ஆள் வந்தது.

சேதி போய்ச் சேர்வதற்கே ஓர் ஏற்பாடு இருந்தது. பக்கத்து ஊர்களுக்கு ஆள் நடந்து போய்ச் சொல்வார். தூரத்து ஊர்களுக்குத் தந்தி. தந்திக்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினாலே பெண்கள் வாசலுக்கு வந்து நெஞ்சில் கைவைத்து நிற்பார்கள். (அந்தத் தந்தியும் 2013 ஜூலையில் தன் கதையை முடித்துக்கொண்டது.) பிறகு கருமாதிப் பத்திரிகை வரும். படித்த கையோடு கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

எங்கள் பக்கம் இதைக் ‘கேதத்துக்குப் போறது’ என்பார்கள், திருநெல்வேலிப் பக்கம் ‘துட்டி’. போகிறவர்கள் கையில் பெரிதாக எதுவும் கொண்டுபோவதில்லை. கொண்டுபோவது ஒரு கேள்வி: “எப்படி ஆச்சு?”

என் அத்தை ஒருவரின் வீட்டுக்காரர் எண்பதுகளில் மாரடைப்பில் போனார். அந்தப் பதினாறு நாளும் நான் அந்த வீட்டில்தான் கிடந்தேன். முதல் நாள் யாராவது கேட்டால் அத்தையின் பேச்சு பாதியில் அறுந்துவிடும். “காலையில ரெண்டு இட்லிதான் தின்னாரு…” அதற்கு மேல் வராது, கூட்டம் சேர்ந்து அழும். நாலாம் நாள் இட்லியைத் தாண்டி வயலுக்குப் போனது வந்தது, வரப்பில் உட்கார்ந்தது வந்தது. எட்டாம் நாள், “டாக்டரு லீவாம், அன்னைக்குப் பாத்துத்தான் லீவு போடணுமா” என்று கோபம் வந்தது. அதற்கப்புறம் ஒரு நாள், அவர் வரப்பில் உட்கார்ந்துகொண்டு மாட்டைத் திட்டிய வார்த்தையை அத்தை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அத்தையும் சிரித்தார். அதே கதைதான். வந்தவர்கள் எல்லாருக்கும் முதலிலிருந்து சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கேட்டவர் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கியிருக்கிறார். எத்தனை முறை சொன்னாரென்று யாருக்குத் தெரியும்? சொல்லிச் சொல்லித்தான் அந்தச் சாவுக்கு ஒரு முதலும் முடிவும் உண்டானது.

பதினாறாம் நாள் கருமாதி. மாமன் முறைக்காரர்கள் மகனுக்கு உருமா கட்டுவார்கள், கோடித்துணி வரும், எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்வார்கள். இனி வேலையைப் பார்க்கலாம் என்று ஊர் கொடுக்கும் அனுமதி அது. அதற்குப் பிறகும் முதல் பொங்கல், முதல் தீபாவளிக்கு உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அமாவாசை, திதி என்று அழுவதற்கு நாட்காட்டியில் இடம் இருந்தது. கிறிஸ்தவர்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். இஸ்லாமியப் பெண் கணவனை இழந்தால் நான்கு மாதம் பத்து நாள் இத்தா.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு பொற்காலத்தை விவரிப்பது மாதிரி தொனிக்கிறது. அப்படி இல்லை. நடந்து போய்ச் சேதி சொன்னவர், தப்படித்தவர், குழி வெட்டியவர், விறகு அடுக்கியவர் எல்லாரும் ஒரே சாதித் தெருவிலிருந்து வந்தார்கள், மறுக்க முடியாத கட்டாயத்தில் வந்தார்கள். அவர்கள் வீட்டில் சாவு விழுந்தபோது இந்தத் தெருவிலிருந்து யாரும் போய் “எப்படி ஆச்சு?” என்று கேட்கவில்லை. பின்னாட்களில் பல ஊர்களில் அவர்கள் ‘இனி தப்படிக்க வரமாட்டோம், சேதி சொல்ல வரமாட்டோம்’ என்று நிறுத்தினார்கள். அது சரியான முடிவு.

இன்னொன்று அத்தைக்கே நடந்தது. பதினாறு நாள் சோறூட்டிய அதே கைகள்தான் அவரை உட்காரவைத்துப் பூச்சூட்டி, கைநிறைய வளையல் போட்டு, பிறகு எல்லாவற்றையும் உடைத்தன, தாலியை அறுத்தன. ஆற்றுகிற கூட்டமே அறுக்கிற கூட்டமாகவும் இருந்தது. ஒப்பாரியில் மட்டும் ஒரு பெண் எதை வேண்டுமானாலும் சொல்லலாம்: அண்ணன் சொத்து தராததை, மாமியார் அடித்ததை, குடிகாரனோடு பட்டதை. ஒப்பாரி ஓய்ந்தபின் வாய்ப்பூட்டு. தமிழ்நாட்டுச் சாவு வீடுகளில் களஆய்வு செய்த இசபெல் கிளார்க்-டெசெஸ் 2005இல் ஒரு நூலே எழுதினார்: அழுகிறவர்கள் செத்தவருக்காக அழுததைவிடத் தங்களுக்காக அழுததுதான் அதிகம் என்று. எங்கள் ஊர்க் கிழவிகளிடம் சொன்னால், இதற்கு ஒரு புத்தகமா என்று கேட்பார்கள்.

ஆண்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து மழை பெய்ததா, கரண்ட் எப்போது வந்தது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். இந்த ஒன்று மட்டும் அன்றும் இன்றும் மாறவேயில்லை.

மாறியவற்றில் நல்லவை நிறைய. ஐஸ் பெட்டி வந்ததால் சிங்கப்பூரிலிருந்து மகள் வந்து முகம் பார்க்க முடிகிறது. முன்பு பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிடுவார்கள். இன்று எரிவாயு தகனமேடை வரை போகிறார்கள், மகள்கள் கொள்ளி வைக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் இறந்தவரை ஊர் கொண்டுபோக 155377 எண்ணில் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. பிணத்தை வைத்துக்கொண்டு வாடகைக் காருக்குப் பேரம் பேசியவர்களுக்கு அதன் அருமை தெரியும். தாலியறுப்பை வேண்டாம் என்று மறுக்கிற குடும்பங்களும் உண்டு. மகாராஷ்டிரத்தின் ஹெர்வாடு கிராமம் 2022 மே மாதம் தீர்மானமே போட்டு விதவைச் சடங்குகளை நிறுத்தியது. நம் ஊராட்சிகளும் அதைப் பார்த்தாவது செய்யலாம்.

ஆனால் பதினாறு நாள் போய்விட்டது. “எல்லாரும் லீவு போட்டு வந்திருக்காங்க, மூணாம் நாளே காரியத்தை முடிச்சிருவோம்” என்கிறார்கள். சில வீடுகளில் எரித்த அன்றே எல்லாம் முடிந்துவிடுகிறது. தகனமேடையில் ஓரிரு மணி நேரத்தில் சாம்பல் பானை கைக்கு வந்துவிட, மறுநாள் விடியலில் பால் தெளிக்கப் போகிற வேலையும் இல்லை. துக்கத்துக்கென்று தனி விடுப்பு நம் தொழிலாளர் சட்டத்தில் கிடையாது. இருக்கிற தற்செயல் விடுப்பில் கழித்துக்கொள்ள வேண்டும். நாலாம் நாள் அப்பாவைப் பறிகொடுத்தவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து இருக்கைக்காரர் சங்கடத்தோடு தோளைத் தட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறார். ‘எப்படி ஆச்சு’ என்று கேட்பது அநாகரிகம் என்று நினைக்கிறார், நல்ல மனுஷர்தான்.

வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகக் கும்பிடும் கைகள், ‘ஓம் சாந்தி’, ‘ஆழ்ந்த இரங்கல்’. நடுவில் யாரோ ஒருவர் மேலே படிக்காமல் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியிருப்பார். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். அதில் இறந்தவர் படத்தைவிட அஞ்சலி செலுத்துகிறவர்களின் படங்கள் அதிகம். எல்லாருக்கும் சேதி தெரிந்துவிட்டது, அதனால் யாரும் கேட்க வருவதில்லை.

கொரோனா இதன் உச்சத்தைக் காட்டியது. இறுதிச்சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடாது என்றது விதி. பலருக்கு அந்த இருபதும் இல்லை. பிளாஸ்டிக்கில் சுற்றிய உடலை ஆம்புலன்ஸ் ஜன்னல் வழியே பார்த்தவர்கள், பார்க்காமலேயே விட்டவர்கள். அந்த 2021 மே மாதத்தில்தான் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளின் பெயரில் தமிழக அரசு 5 லட்சம் ரூபாய் வைப்புநிதி அறிவித்தது. பணம் வந்தது, தேவையான பணம். அந்தப் பிள்ளைகளிடம் அம்மா அப்பா போன கதையை யார் கேட்டிருப்பார்கள் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

இன்று கேட்பதற்கு ஆட்கள் இல்லாமலில்லை, தேடிப் போக வேண்டும், அவ்வளவுதான். சென்னையில் ‘சினேகா’ 1986இலிருந்து இருக்கிறது, மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கியது. தற்கொலைத் தடுப்பு மையம் என்று பெயர். வாழ்க்கை கையைவிட்டுப் போகிறது என்று தோன்றும் யாரும் 044-24640050இல் பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசின் டெலி மனாஸ் சேவை வந்தது. 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போகிறவர்களை இன்னும் வேறு மாதிரி பார்க்கிறோம் என்பது நம் கோளாறு.

மருத்துவமும் துக்கத்தைத் திரும்பிப் பார்த்திருக்கிறது. ‘துக்கத்துக்கு ஐந்து கட்டம்’ என்று அடிக்கடி ஃபார்வேர்டு வருமே, எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியது சாகப்போகிற நோயாளிகளைப் பார்த்து, பறிகொடுத்தவர்களைப் பார்த்து அல்ல. நமக்கு மூன்றாம் கட்டம் ஏன் இன்னும் வரவில்லை என்று யாரும் கவலைப்பட வேண்டாம். பெரும்பாலானோர் சிகிச்சை எதுவுமின்றி மெல்ல எழுந்துவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் மாதக்கணக்கில் முதல் நாளாகவே இருக்கிறது: வேலை ஓடாது, செத்தவரின் நினைப்பைத் தவிர வேறெதுவும் ஏறாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இப்போது இதைத் தனி நிலையாகவே வைத்திருக்கிறது, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையை முடக்கினால். இதற்கு கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஷியர் உருவாக்கிய சிகிச்சையில் ஒரு முக்கியப் பகுதி என்ன தெரியுமா? அந்தச் சாவு எப்படி நடந்தது என்பதை நோயாளி முதலிலிருந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைப் பதிவு செய்து வீட்டில் திரும்பக் கேட்க வேண்டும், அடுத்த முறை வந்து மறுபடி சொல்ல வேண்டும். மொத்தம் 16 அமர்வுகள். எண் தற்செயல்தான், ஆனாலும் நான் அதை வாசித்தபோது எனக்கு அத்தை ஞாபகம்தான் வந்தது.

ஊர் விட்டுவிட்டதைத் தாங்களே கட்டிக்கொண்டவர்களும் உண்டு. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகினார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியில் பெற்றோர்கள் கூடுகிறார்கள், படங்களுக்கு மாலை போட்டு விளக்கேற்றுகிறார்கள். அவர்களுக்குள் ‘எப்படி ஆச்சு’ என்று கேட்க அவசியமில்லை.

அன்று இல்லாத ஒரு பாரம் இன்று சேர்ந்திருக்கிறது, காகிதம். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். சான்றிதழில் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும். பிறகு வாரிசுச் சான்றிதழ். அதற்கு இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார். வங்கிக் கணக்கு, எல்ஐசி, பிஎஃப், சிலிண்டர் இணைப்பு, மின் இணைப்பு. கணவர் பெயரிலேயே எல்லாமும் இருந்த பெண்ணுக்கு இது இரண்டாவது சாவு. ஆதரவற்ற விதவைக்கான உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதை வாங்கவும் முதலில் அலைந்தாக வேண்டும். 2025 நவம்பரிலிருந்து ஒரு கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை போடலாம் என்று சட்டம் வந்திருக்கிறது. உயிரோடு இருப்பவர்கள் இன்றைக்கே போய்ப் போட்டுவிடுவது நல்லது, இது அபசகுனமில்லை.

அதனால்தான் சொல்கிறேன், இன்றைய தேதியில் சாவு வீட்டுக்கு மாலையோடு வருகிறவரைவிட, மூன்றாம் வாரம் ஆதார் நகலோடு வருகிறவர்தான் பெரிய உறவு. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற அலுவலக உதவியாளர் ஓர் அக்கா இருக்கிறார். எந்த மனு எந்த ஜன்னலில் என்று அவருக்குத் தெரியும். இரண்டு வீடு தள்ளி, லாரி ஓட்டிய கணவனைப் பறிகொடுத்த சின்னப் பெண் ஒருத்தி. “தனியா எங்கடி போவே, நானும் வாரேன்” என்று அக்கா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். போக ஒரு மணி நேரம் டவுன் பஸ், வர ஒரு மணி நேரம், தாலுகா அலுவலகத்தில் பாதி நாள் காத்திருப்பு. திரும்பி வந்த அக்காவிடம் காரியம் முடிந்ததா என்றேன். “எங்க முடிஞ்சது, போட்டோ தெளிவா இல்லையாம். ஆனா புள்ள இன்னைக்குத்தான் வாயத் திறந்து எல்லாத்தையும் சொன்னா, போன் வந்ததுலேர்ந்து.” வருகிற வியாழக்கிழமை மறுபடி போகிறார்கள். அதற்கடுத்த வாரம் வங்கி. நாமினி பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம், அதற்கும் அக்காவே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.