பேறுகாலக் காத்திருப்பின் விலை

"வலி வரவில்லை, வலிக்கு ஊசி போட்டிருக்கிறார்கள்" என்ற சொற்களைக் கேளாத குடும்பம் இன்று அரிது. ஊசியும் மாத்திரையும் நமக்குப் பழகிவிட்டன. ஆனால், மருந்தின்றி ஒரு சிறு கருவியின் அழுத்தத்தாலேயே கருப்பை வாயை நெகிழச் செய்து பிரசவத்தைத் தொடங்கிவைக்கும் முறைகளும் உண்டு. அவை நம் மருத்துவமனைகளில் வழக்கமாகக் கையாளப்படுகின்றன. இது வெளியில் காத்திருக்கும் உறவினர் பலருக்குத் தெரியாது. கட்டிலில் படுத்திருக்கும் பெண்ணுக்கேகூடச் சில வேளைகளில் விளங்கச் சொல்லப்படுவதில்லை.

நான் மருத்துவன் அல்லன், பொருளியல் கற்பித்தவன். யாருக்கு எந்த முறை பொருந்தும் என்று தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவரே. ஆனால், ஒரு முறைக்கு ஆகும் செலவைக் கணக்கிடும்போது எவற்றைச் சேர்க்கிறோம், எவற்றை விட்டுவிடுகிறோம் என்பது என் துறை சார்ந்த கேள்வி.

கர்ப்பம் 41 வாரங்களைக் கடக்கும்போதும், தாய்க்கு ரத்த அழுத்தம் கூடும்போதும், வலி தொடங்குமுன் பனிக்குடம் உடைந்துவிடும்போதும் பிரசவத்தைத் தூண்டும் தேவை எழுகிறது. கருப்பை வாய் அதற்குப் பக்குவமாக இருக்கிறதா என்பதை முதலில் பார்ப்பார்கள். அதன் விரிவு, மென்மை, நீளம், அமைந்துள்ள நிலை, குழந்தையின் தலை இறங்கியுள்ள அளவு ஆகிய ஐந்தையும் மதிப்பெண்ணாக்கும் முறையை 1964-இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்டு பிஷப் வகுத்தளித்தார். மதிப்பெண் குறைவாயின், முதலில் கருப்பை வாயைப் பக்குவப்படுத்த வேண்டும். பலூன் முறைக்கு வேலை வருவது இங்கேதான்.

இயக்கமுறைத் தூண்டல் புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டிலேயே, ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும் கடற்பாசித் தண்டுகளைக் கருப்பை வாயில் வைத்தனர். லண்டன் மருத்துவர் ராபர்ட் பார்ன்ஸ் நீர் நிரப்பிய ரப்பர் பைகளைப் பயன்படுத்தினார். நோய்த்தொற்று குறித்த அச்சமும், பின்னர் வந்த மருந்துகளும் இவற்றைப் பின்னுக்குத் தள்ளின. சிறுநீர் வெளியேற்றுவதற்கென அமெரிக்காவின் ஃபிரெடெரிக் ஃபோலி உருவாக்கிய பலூன் குழாய் இத்துறைக்கு மறுவாழ்வு தந்தது. கருப்பை வாயில் பலூன் வைத்துப் பிரசவத்தைத் தூண்டுவது பற்றி எம்ப்ரே, மாலிசன் ஆகிய இருவரும் 1967-இல் எழுதினர்.

செயல்முறை எளிது. மெல்லிய குழாயைக் கருப்பை வாயின் வழியே செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூனில் 30 முதல் 80 மில்லி லிட்டர் வரை தூய உப்புநீரை நிரப்புவார்கள். பலூன் உள்ளிருந்து அழுத்த, கருப்பை வாய் சிறிது சிறிதாக விரியும். அந்த அழுத்தம் உடலின் இயற்கையான புரோஸ்டாகிளாண்டினையும் சுரக்கச் செய்யும். போதிய விரிவு ஏற்பட்டதும் பலூன் தானே வெளியே வந்துவிடும். இல்லையேல் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவார்கள். அதன்பின் பெரும்பாலும் பனிக்குடத்தை உடைப்பதும் ஆக்ஸிடோசின் செலுத்துவதும் தேவைப்படும். அதாவது, பலூன் பிரசவத்தை முடித்துவைப்பதில்லை. அதற்கு வாசலைத் திறந்துவிடுகிறது.

இதன் நன்மைகள் சிறியவை அல்ல. ஃபோலி குழாய் விலை மலிவானது. சில மருந்துகளைப்போலக் குளிர்பதனப் பெட்டியில் பாதுகாக்க வேண்டியதில்லை. 22 ஆயிரம் பெண்களை உள்ளடக்கிய நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பீடு, பிறப்புறுப்பில் வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்துக்கு ஏறத்தாழ இணையான பயனைப் பலூன் தருகிறது என்றும், கருப்பை அளவுக்கு மீறிச் சுருங்கிக் குழந்தையின் இதயத் துடிப்பைப் பாதிக்கும் ஆபத்து பலூனில் குறைவு என்றும் காட்டுகிறது.

தமிழகத்துக்கு இதில் தனிப் பொருத்தம் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கு நிகழும் பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவைச் சிகிச்சை மூலம் நிகழ்கின்றன. தனியார் மருத்துவமனைகளில் அது 63.8 சதவீதம். இந்திய சராசரியோ 21.5 சதவீதம். முதல் பிரசவத்தில் அறுவைச் சிகிச்சை நடந்த பெண்ணுக்கு, அடுத்த முறை மிசோபிரோஸ்டால் மாத்திரை தருவது தழும்பு பிளக்கும் ஆபத்து கருதித் தவிர்க்கப்படுகிறது. அத்தகைய பெண் இயல்பான பிரசவத்தை விரும்பி, தூண்டலும் தேவைப்பட்டால், தீவிரக் கண்காணிப்புடன் எஞ்சும் சில வழிகளில் பலூன் ஒன்று. நேற்றைய அறுவைச் சிகிச்சைகளே இன்றைய தேர்வுகளைச் சுருக்கியிருக்கின்றன.

அப்படியானால், மலிவான இம்முறையே எல்லோருக்கும் ஏற்றது என்று முடிவு கட்டலாமா? இங்குதான் நாகபுரியில் நடந்த ஓர் ஆய்வு நிதானிக்கச் சொல்கிறது. அங்குள்ள அரசு மருத்துவமனைகளில், உயர் ரத்த அழுத்தத்தால் பிரசவத்தைத் தூண்ட வேண்டியிருந்த 602 பெண்களிடையே நடத்தப்பட்டு, 2017-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு அது. குறைந்த அளவு மிசோபிரோஸ்டாலை வாய்வழியே பெற்றவர்களில் 57 சதவீதத்தினர் 24 மணி நேரத்துக்குள் இயல்பாகப் பிரசவித்தனர். பலூன் வைக்கப்பட்டவர்களில் 47 சதவீதத்தினரே. கருப்பை மிகையாகச் சுருங்கியது இரு பிரிவுகளிலும் மிக அரிதாகவே இருந்தது.

ஒரு பொருளின் விலை வேறு, ஒரு முறையின் செலவு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று கிடைப்பது கடினம். பலூன் மலிவு. ஆனால், அது வைக்கப்பட்டபின் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் செவிலியரின் கவனிப்பும், படுக்கையும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண்ணின் உடலும் மனமும் செலுத்தும் விலை. மருத்துவமனையின் கணக்கேட்டில் முதல் இரண்டுக்கும் இடமுண்டு, மூன்றாவதற்கு இல்லை. கணக்கில் வராத எதையும் இலவசம் என்று எண்ணிவிடுவது நிர்வாகங்களின் இயல்பு.

பெண்களின் அனுபவங்கள் ஒரே மாதிரியானவை அல்ல. குழாய் செலுத்தப்படும் சில நிமிடங்களே கடினமாக இருந்தன, பிறகு எழுந்து நடமாட முடிந்தது என்போர் உண்டு. அந்தச் செலுத்துதலே தாங்க முடியாததாக இருந்தது என்போரும் உண்டு. மாதவிடாய் வலிபோல் இரவெல்லாம் இடுப்பைப் பிடித்திழுத்தது என்பது பொதுவான கூற்று. மருத்துவ நடைமுறை ஒன்றே. ஆனால், முன்கூட்டிச் சொல்லி இசைவு பெற்றுச் செய்யும்போது அது தாங்கக்கூடிய வலியாகவும், சொல்லாமல் செய்யும்போது மறக்க முடியாத அவமதிப்பாகவும் ஆகிறது. உள்பரிசோதனையின்போது விரலால் பனிக்குடச் சவ்வை விலக்கிவிடும் எளிய முறைக்கும் இது பொருந்தும். அதுவும் ஒரு தூண்டல் முறையே. அதற்கும் இசைவு தேவை.

என் தங்கை மகளுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையில் காலையில் பலூன் வைத்தார்கள். "பரிசோதனை செய்கிறோம்" என்பதற்குமேல் அவளிடம் எதுவும் சொல்லப்படவில்லை. மாலைவரை பெரிய வலி எதுவும் இல்லை. இம்முறையில் அது முற்றிலும் இயல்பு என்பது அவளுக்குத் தெரியாது. தன் உடலில் ஏதோ கோளாறு என்று அஞ்சினாள். வெளியில் இருந்த எங்களுக்கும் தெரியாது. "ஏன் இழுத்தடிக்க வேண்டும், ஆபரேஷன் செய்துவிடச் சொல்லுங்கள்" என்று பெரியவர்கள் நெருக்கினார்கள். இரவில் அவள் கையெழுத்திட்டாள். அந்த அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவக் காரணம் இருந்திருக்கலாம். ஆனால், அவள் கையெழுத்திட்டது அறிந்தன்று, அச்சத்தால். தாயும் சேயும் நலமாக இருக்கிறார்கள் என்பதால் அந்தக் கேள்வி இல்லாமல் போய்விடாது.

மருத்துவச் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் அது பிற சந்தைகளைப்போல் இயங்காது என்று பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1963-இலேயே விளக்கினார். பிரசவ அறையில் இந்த இடைவெளி இன்னும் அகலமானது. வலியில் இருக்கும் ஒருவரால் வேறிடம் விசாரிக்கவோ, பேரம் பேசவோ, எழுந்து போகவோ முடியாது. அங்கு தகவல் என்பது மரியாதைக்காகத் தரப்படும் கூடுதல் சேவை அன்று. சிகிச்சையின் ஒரு பகுதி.

காலம் குறித்த தகவல் அதில் முதன்மையானது. தூண்டல் தோற்றுவிட்டது என்று எப்போது சொல்லலாம்? தாயும் சேயும் நலமாக இருக்கும்வரை, பனிக்குடம் உடைந்தபின் குறைந்தது 12 முதல் 18 மணி நேரமாவது ஆக்ஸிடோசின் கொடுத்துப் பார்த்த பிறகே அவ்வாறு கருத வேண்டும் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவ அமைப்புகள் 2014-இல் வழிகாட்டின. பலூன் வைத்திருக்கும் நேரம் இதற்கு முந்தையது. ஆக, காலையில் வைத்த பலூனுக்கு மறுநாள் பிரசவம் நிகழ்ந்தால் அது தாமதமன்று. அம்முறையின் இயல்பான போக்கு. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், உறவினரின் அவசரம் தணியும். பெண்ணின் அச்சமும் தணியும்.

காத்திருக்கும் இடமும் கருத வேண்டியதே. வேறு சிக்கல் இல்லாத பெண்கள் விரும்பினால், பலூன் வைத்தபின் வீடு சென்று திரும்ப அனுமதிப்பதைப் பரிசீலிக்கலாம் என்கிறது பிரிட்டனின் 2021-ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டுதல். மருந்துபோல் கருப்பையைத் திடீரெனச் சுருங்கச் செய்யாத தன்மையே இதற்கு இடம் தருகிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், மருத்துவமனைக்கு இரண்டு பேருந்து மாறி வர வேண்டியவர்களுக்கும் இது பொருந்தாது. ஆனால், வீட்டுச் சூழலில் ஓரளவேனும் கிடைப்பவற்றை, அதாவது உறக்கம், உணவு, உடனிருக்கும் ஒரு முகம் ஆகியவற்றை நம் வார்டுகளிலும் தர முடியும். பிரசவத்தின்போது பெண் விரும்பும் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. தூண்டல் தொடங்கும் நேரத்திலிருந்தே அது நடைமுறைக்கு வர வேண்டும்.

இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. எந்த முறை, ஏன் அது, எவ்வளவு நேரம் ஆகும், எப்படி வலிக்கும், வேண்டாமென்றால் மாற்று என்ன என்ற ஐந்து செய்திகள் அடங்கிய ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் கடைசி மாதப் பரிசோதனையிலேயே கையில் கிடைக்க வேண்டும். வலி தொடங்கிய பிறகு விளக்குவது விளக்கமாகாது. இசைவு வாய்மொழியாகவேனும் கேட்கப்பட்டு, பதிவேட்டில் குறிக்கப்பட வேண்டும். பிரசவத்துக்குப் பின் "உங்களிடம் கேட்டுச் செய்தார்களா?" என்ற ஒரு கேள்வியை அரசு தன் தர மதிப்பீட்டில் சேர்த்து, அதன் விடையை மருத்துவமனை வாரியாக வெளியிட வேண்டும்.

பத்தில் நாலரைக் குழந்தைகள் அறுவைச் சிகிச்சையில் பிறக்கும் ஒரு மாநிலத்தில், இயல்பான பிரசவத்துக்கு உதவும் எந்த எளிய கருவியும் வரவேற்கத்தக்கதே. ஆனால், கருவி மலிவானது என்பதற்காகக் காத்திருப்பவளின் நேரமும் மலிவாகிவிடாது. அந்த நேரத்துக்கும் வலிக்கும் ஒரு விலை உண்டு. அதைச் செலுத்துபவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நியாயமான கணக்கு.