ஊதிப் பார்த்தாச்சு, ரிப்போர்ட் என்ன சொல்லுது?

தேவாரத்திலிருந்து ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் பலர். "முன்ன மாதிரி மேடு ஏற முடியல, மூச்சு வாங்குது" என்று டாக்டரிடம் சொன்னால், இரண்டு பரிசோதனைகள் எழுதித் தரலாம்: ஸ்பைரோமெட்ரி எனும் ஊதும் பரிசோதனை, ஆறு நிமிட நடைப் பரிசோதனை.

ரிப்போர்ட்டில் '58 சதவீதம்' என்று இருந்தால், மீதி 42 சதவீத நுரையீரல் கெட்டுப்போச்சு என்று அர்த்தமில்லை. உங்கள் வயது, உயரம், பாலினத்தில் உள்ள ஆரோக்கியமானவர்கள் சராசரியாக ஊதும் அளவோடு ஒப்பிட்ட எண் அது.

முதலில் விகிதத்தைப் பாருங்கள்

நன்றாக மூச்சிழுத்து, முழுவதையும் ஊதும்போது வெளிவரும் மொத்தக் காற்று எஃப்.வி.சி. அதில் முதல் விநாடியில் வெளிவருவது எஃப்.இ.வி.1. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து இழுத்த பிறகும் எஃப்.இ.வி.1-ஐ எஃப்.வி.சி.யால் வகுத்த விகிதம் 0.70-க்குக் கீழே இருந்தால், சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட அடைப்பு நோயாக இருக்கலாம். பீடி, சிகரெட் தொடாத பெண்களுக்கும் விறகடுப்புப் புகையால் இது வரும். மருந்துக்குப் பின் எண் நன்றாக ஏறினால் ஆஸ்துமாவாக இருக்கலாம்.

விகிதம் சரியாக இருந்து எஃப்.வி.சி. மட்டும் குறைந்தால், மேற்கொண்டு பரிசோதனை தேவைப்படலாம். முழுசா ஊதாவிட்டாலும் அந்த எண் குறையும். அதனால்தான் மூன்று தடவையாவது ஊதச் சொல்கிறார்கள்.

நடைப் பரிசோதனை

சமதரையில் ஆறு நிமிடம் உங்கள் வேகத்தில் நடக்க வேண்டும், நடுவில் நின்றுகொள்ளலாம். நடந்த தூரம், விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் அளவு இரண்டையும் குறிப்பார்கள். உட்கார்ந்திருக்கும்போது 96 காட்டி, நடக்கும்போது 90-க்கு இறங்கினால் அது முக்கியமான தகவல். தூரம் போன முறையைவிட 30 மீட்டர் அளவுக்குக் குறைந்திருந்தாலும் டாக்டரிடம் கேளுங்கள். முட்டிவலி, ரத்தசோகை, இதயக் கோளாறு இருந்தாலும் தூரம் குறையும்.

கவனிக்க

ஒருமுறை 'நார்மல்' என்று வந்தாலே ஆஸ்துமா இல்லை என்று முடிவு கட்ட முடியாது. அதை நம்பி இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். பழைய ரிப்போர்ட்டுகளைச் செல்போனில் தேதிவாரியாகச் சேமித்து, அடுத்த முறை க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறு மருத்துவமனைக்கோ போகும்போது காட்டுங்கள். ஒற்றை எண்ணைவிட ஏற்ற இறக்கமே டாக்டருக்கு அதிகம் சொல்லும். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். சந்தேகங்களுக்கு 104, பேசவே முடியாமல் மூச்சுத் திணறினால் உடனே 108.