ஒரு கணினி, இரண்டு முறைமைகள்: விசைப்பலகை எங்கே தொலைந்தது?

சென்ற சித்திரையில் இடி விழுந்து எங்கள் வீட்டுக் கணினியின் தாய்ப்பலகை எரிந்துபோயிற்று. அக்கரப்பத்தனை பஸாரில் வாப்பாவுக்கு ஒரு பலசரக்குக் கடை. தோட்டத்து மக்கள் மாதம் முழுவதும் கடனுக்குச் சாமான் எடுத்து, பத்தாந் திகதி சம்பளத்தில் கொடுத்துத் தீர்ப்பார்கள். அந்தக் கடன் கணக்கு முழுவதும் விண்டோஸ் 7இல் ஓடும் பழைய மென்பொருள் ஒன்றில்தான் இருக்கிறது. அதே கணினியில் என் படிப்புக்காக உபுண்டுவையும் நிறுவியிருந்தேன். கணினியைப் போட்டதும் ஒரு பட்டியல் வரும். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்துகொள்ளலாம்.

வாப்பா கணினியைத் திருத்தக் கொடுத்து, வேறொரு பலகை மாற்றி வாங்கி வந்தார். பாவித்ததுதான், ஆனால் எங்களுடையதைவிடப் புதியது. வீட்டில் இணைத்துப் போட்டால் விண்டோஸ் திறக்கிறது, கடவுச்சொல்லும் கேட்கிறது. ஆனால் விசைப்பலகையும் வேலை செய்யவில்லை, சுட்டியும் அசையவில்லை. திருத்தியவரிடம் தொலைபேசியில் கேட்டோம். "இங்க நல்லா வேலை செஞ்சதே! உங்க மகள் போட்ட அந்த ரெண்டாவது சாமானாலதான் இது. எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ மட்டும் புதுசாப் போடுவோம்" என்றார். அழித்தால் கடன் கணக்கும் போய்விடும். அன்று ஏழாந் திகதி.

"ஒரு ராவு மட்டும் தாங்க வாப்பா" என்றேன்.

"சரி மகள். ஆனா கணக்கு போனா நான் யார்ட்ட போய்க் கேக்கிற?" என்றார்.

முதலில் உபுண்டுவுக்குள் நுழைந்தேன். சுட்டி நகர்ந்தது! உபுண்டுவிலிருந்து விண்டோஸின் கோப்புகளைப் பார்க்க முடியும். கணக்கு இருந்த கோப்புறையைப் பென் டிரைவில் பிரதி செய்துகொண்ட பிறகுதான் மூச்சு வந்தது. வேறு எதைத் தொடுவதற்கு முன்பும் செய்ய வேண்டிய வேலை இது. பழியைச் சுமந்த உபுண்டுதான் அதைச் செய்து தந்தது.

இனி, யோசித்த விதத்தைச் சொல்கிறேன். கணினி தொடங்கும்போது விசைப்பலகையைக் கவனிப்பவர் மாறிக்கொண்டே இருக்கிறார். முதலில் தாய்ப்பலகையில் உள்ள பயோஸ் கவனிக்கிறது. தெரிவுப் பட்டியல் வரும்வரை அதன் பொறுப்பு. பிறகு நாம் தெரிவு செய்த பணிசெயல் முறைமை தன் சொந்த டிரைவரைக் கொண்டு பொறுப்பேற்கிறது. ஆகவே எந்த இடத்தில் விசைப்பலகை நிற்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். எங்கள் வீட்டில் பட்டியலில் அம்புக்குறி விசைகள் வேலை செய்தன. உபுண்டுவிலும் வேலை செய்தன. விண்டோஸ் திறந்த பின்பு மட்டும் நம் லொக் விசையை அழுத்தினால் அதன் விளக்குகூட மாறவில்லை. எனவே கம்பியும் விசைப்பலகையும் நல்லவை. பொறுப்பு கைமாறும் இடத்தில்தான் கோளாறு.

பின்பக்கம் டோர்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு செருகிகளும் நீல நிறத் துளைகளில் இருந்தன. எங்கள் பழைய பலகையில் நீலத் துளையே இருக்கவில்லை. நீலம் பொதுவாக யூ.எஸ்.பீ. 3.0 என்பதன் அடையாளம். அதற்கான வரையறை 2008 நவம்பரில் வெளியானது. லினக்ஸ் 2009 செப்டெம்பரில், தன் 2.6.31ஆம் பதிப்பிலேயே அதற்கு இடம் கொடுத்துவிட்டது. அடுத்த மாதமே வந்த விண்டோஸ் 7இல் அந்த டிரைவர் இல்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8இலிருந்துதான் அது உள்ளேயே வருகிறது. இரண்டு செருகிகளையும் கழற்றிக் கறுப்புத் துளைகளில் போட்டேன். சுட்டி நகர்ந்தது. திருத்தியவர் தன் கடையில் கறுப்புத் துளையில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை.

பிறகு அந்தப் பலகைக்கு விண்டோஸ் 7க்கென வெளியிடப்பட்ட யூ.எஸ்.பீ. 3.0 டிரைவரை உபுண்டுவில் தரவிறக்கி, பென் டிரைவ் மூலம் நிறுவினேன். கறுப்புத் துளையே இல்லாவிட்டால்? சில பலகைகளின் பயோஸ் அமைப்பில் நீலத் துளையைப் பழைய முறையில் இயங்கச் செய்யும் தெரிவு இருக்கும். ஊதா, பச்சை நிற வட்டத் துளை இருந்தால் பழைய வட்டச் செருகி விசைப்பலகை ஒன்றை இரவல் வாங்கலாம், அதற்கு யூ.எஸ்.பீ. டிரைவரே வேண்டாம். விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு மேம்படுத்தல்கள் 2020 ஜனவரியில் நின்றுவிட்டதால், விண்டோஸில் இருக்கும்போது எங்கள் கணினியை இணையத்தோடு இணைப்பதில்லை.

உங்கள் வீட்டுக் கோளாறு வேறாக இருக்கலாம். பட்டியலிலேயே விசைகள் வேலை செய்யாமல் விண்டோஸில் மட்டும் செய்தால், பயோஸில் யூ.எஸ்.பீ. விசைப்பலகைக்கான பழைய முறை ஆதரவு அணைக்கப்பட்டிருக்கலாம். விண்டோஸ் 8, 10, 11 உள்ளவர்கள் 'பாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்பதைக் கவனியுங்கள். அது இருந்தால் "ஷட் டவுன்" கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, அரைத் தூக்கத்தில் கிடக்கும். அதற்குப் பின் உபுண்டுவுக்குப் போனால் சில சாதனங்கள் விழிக்க மறுக்கும். விண்டோஸ் பகுதியில் எழுதவும் முடியாது. மின்சக்தி அமைப்பில் அதை அணைத்துவிடுவதே நல்லது.

விடுதித் தோழி ஒருத்தியின் தொல்லை புளூடூத் சுட்டி. விண்டோஸில் இணைத்தால் உபுண்டுவில் அறுந்துவிடும், அங்கே இணைத்தால் இங்கே. இணைக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் இரகசியத் திறவுகோல் உருவாகிறது. இரண்டு முறைமைகளும் ஒரே புளூடூத் முகவரியைத்தான் பாவிக்கின்றன. சுட்டியோ அந்த முகவரிக்குக் கடைசியாகக் கிடைத்த திறவுகோலை மட்டும் வைத்துக்கொள்கிறது. திறவுகோலைப் பிரதி செய்து இரண்டிலும் வைக்க வழியுண்டு, ஆனால் தலைவலி. சிறு யூ.எஸ்.பீ. வாங்கியோடு வரும் கம்பியில்லாச் சுட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை.

மூன்று இடத்திலும் வேலை செய்யாவிட்டால் மட்டும் சாதனத்தைச் சந்தேகியுங்கள். பக்கத்து வீட்டுக் கணினியில் செருகிப் பாருங்கள். தமிழ் எழுத்துகள் மாறி விழுகின்றன என்றால் அது பழுதே இல்லை. ரெங்கநாதன் முறையா, வேறு முறையா என்ற தெரிவு மாறியிருக்கும்.

பத்தாந் திகதி காலையில் வாப்பா கணக்கைத் திறந்து கடைக்கு உட்கார்ந்தார். நீலத் துளைகளின்மேல் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறார். டிரைவர் போட்டாயிற்று, இனி அது தேவையில்லை என்று எத்தனையோ தரம் சொல்லியும் இன்னும் எடுக்கவில்லை.