ஃப்ளூ தடுப்பூசியின் பக்கவிளைவுகள்: எளியவையும் அரியவையும்

ஃப்ளூ காய்ச்சலை உண்டாக்கும் இன்ஃபுளுவென்சா வைரஸ் தன் மேற்பரப்புப் புரதங்களைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டே இருப்பதால், அதற்கான தடுப்பூசி ஒருமுறை போட்டதோடு முடிந்துவிடாமல் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டியதாகிறது. அவ்வாறு போட்டுக்கொள்ளும் கோடிக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் நோயின்றி நலமாக இருப்பவர்கள் ஆதலால், நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தில் பொறுத்துக்கொள்ளப்படும் தீங்குகூட இங்கே மிகக் கடுமையான அளவுகோலால் அளக்கப்படுகிறது.

தடுப்பூசி போட்ட இடத்தில் வலி, சிவப்பு, வீக்கம் ஆகியவையும், சிலருக்கு இலேசான காய்ச்சல், தலைவலி, உடல்வலி, அசதி ஆகியவையும் தோன்றி ஓரிரு நாள்களில் தாமாகவே மறைகின்றன. புதிதாக நுழைந்த புரதத்தை எதிர்கொள்ளும் நோயெதிர்ப்புச் செல்கள் சுரக்கும் வேதிப்பொருள்களே இவற்றுக்குக் காரணம். எனினும் இத்தகைய தொல்லை எதுவும் ஏற்படாதவருக்குத் தடுப்பூசி பலிக்கவில்லை என்று கொள்ளக்கூடாது. ஊசி வழியே செலுத்தப்படுவது கொல்லப்பட்ட வைரஸோ அதன் புரதமோ மட்டுமே என்பதால் அது உடலில் பெருகி ஃப்ளூவை உண்டாக்க இயலாது. பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆவதால், அந்த இடைவெளியில் இயல்பாகத் தொற்றும் ஃப்ளூவோ வேறு சளிக்காய்ச்சலோ தடுப்பூசியின் விளைவாகத் தவறாக எண்ணப்படுகிறது. மூக்கில் தெளிக்கப்படும் வகையில் மட்டும் வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் இருப்பதால், அது கர்ப்பிணிகளுக்கும் நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களுக்கும் தரப்படுவதில்லை.

அரிய விளைவுகளுள் உடனடியானது அனாபிலாக்சிஸ் எனப்படும் கடும் ஒவ்வாமை. மூச்சுத்திணறலும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகக்கூடிய இந்நிலை, 10 லட்சம் பேருக்குத் தடுப்பூசி போட்டால் ஏறத்தாழ ஒருவருக்கே ஏற்படுகிறது. பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள் தொடங்கும் இதை அட்ரினலின் ஊசியால் கட்டுப்படுத்த முடியும் என்பதால்தான், தடுப்பூசி போட்டபின் சிறிது நேரம் அங்கேயே அமர்ந்திருக்கச் சொல்கிறார்கள்.

நரம்புகளை உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே தாக்கி, கால்களில் தொடங்கும் தளர்ச்சியை மேல்நோக்கிப் பரவச் செய்யும் கில்லன்-பாரே நோய் மற்றோர் அரிய விளைவு. 1976-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபோர்ட் டிக்ஸ் படைமுகாமில் பன்றிக்காய்ச்சல் வைரஸ் பரவி ஒரு வீரர் இறந்ததைத் தொடர்ந்து, அந்நாட்டு அரசு அக்டோபரில் தடுப்பூசி இயக்கத்தைத் தொடங்கி 4 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டது. அஞ்சிய கொள்ளைநோய் வரவில்லை; மாறாக, ஊசி போட்டவர்களில் ஏறத்தாழ லட்சத்தில் ஒருவருக்குக் கூடுதலாக இந்நோய் கண்டதால், டிசம்பரில் இயக்கம் நிறுத்தப்பட்டது. பின்வந்த பருவகாலத் தடுப்பூசிகளில் இந்த அபாயம் 10 லட்சத்துக்கு ஓரிருவர் என்ற அளவைத் தாண்டுவதில்லை; ஃப்ளூ நோயே கில்லன்-பாரேயைத் தூண்டும் வாய்ப்பு அதைவிட அதிகம்.

2009-ஆம் ஆண்டின் உலகளாவிய ஃப்ளூ பரவலின்போது ஐரோப்பாவில் போடப்பட்ட பாண்டெம்ரிக்ஸ் என்னும் தடுப்பூசிக்குப் பின், பகலிலும் அடக்க முடியாத உறக்கம் வரும் நார்கோலெப்சி நோய் சிறுவர்களிடையே கூடியதை ஃபின்லாந்தும் சுவீடனும் 2010-இல் முதலில் கவனித்தன. அந்தத் தடுப்பூசி இன்று புழக்கத்தில் இல்லை.

இவ்விரு நிகழ்வுகளும் தடுப்பூசியைத் துறக்கச் சொல்லவில்லை. கண்காணிப்பு எதற்காக வேண்டும் என்பதையே உணர்த்துகின்றன. லட்சத்தில் ஒருவருக்கு நேரும் தீங்கு, சில ஆயிரம் பேரிடம் நடத்தப்படும் முன்சோதனையில் புலப்படாமலே போகலாம். தடுப்பூசி பரவலாகப் போடப்பட்டபின் மருத்துவர்களும் மக்களும் தெரிவிக்கும் தகவல்களைத் தொகுக்கும்போதே அது வெளிப்படுகிறது. முன்பு கடும் ஒவ்வாமையோ, ஃப்ளூ தடுப்பூசி போட்ட ஆறு வாரத்துக்குள் கில்லன்-பாரே நோயோ கண்டவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும், புதிதாகத் தோன்றும் மூச்சுத்திணறலையோ கைகால் தளர்ச்சியையோ உடனே தெரிவிப்பதும், தம்மைக் காப்பதோடு அடுத்து ஊசி போட்டுக்கொள்ள வருபவர்களையும் காக்கும்.