3 பேர் சேர்ந்தால் 'கியூ'. 4 பேர் சேர்ந்தால் கும்பல்! பிளாட்டினம் அணுக்களின் விசித்திர நடமாட்டம்

ரேஷன் கடையில் 3 பேர் நின்றால் அது கியூ. 4-வது ஆள் வந்தால் கியூ இன்னும் கொஞ்சம் நீளும். அவ்வளவுதான்.

பிளாட்டினம் உலோகத்தின் மீது நிற்கும் அணுக்களின் கதையே வேறு. 3 அணு சேர்ந்தால் நேர் வரிசையில் நிற்கின்றன. 4-வது அணு வந்ததும் வரிசை கலைகிறது. நாலும் கேரம்போர்டின் நாலு மூலை மாதிரி சதுரமாகக் கூடிவிடுகின்றன. 5-வது வந்தால் மறுபடியும் கியூ! 6-வது வந்தால் மறுபடியும் கும்பல்!

அமெரிக்காவில் உள்ள சாண்டியா தேசிய ஆராய்ச்சிக்கூட விஞ்ஞானிகள் 1980-களின் கடைசியில் இதைக் கண்டுபிடித்தார்கள்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஊசி முனையில் காவல்

ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் பிளாட்டினம் அணுக்கள் 36 லட்சம் வரிசையாக நிற்கலாம். அவ்வளவு பொடிசு. அப்படிப்பட்ட அணு எங்கே நிற்கிறது, எங்கே நகர்கிறது என்று எப்படித் துப்பு துலக்குவது?

அதற்கு வழி காட்டியவர் டாக்டர் எர்வின் முல்லர். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவரிடம் படித்த மாணவர் கன்வர் பகதூர். நம் இந்தியாக்காரர்!

உலோக ஊசியின் முனையை மிக மிகக் கூர்மையாகச் சீவினார்கள். கடுங்குளிரில் வைத்தார்கள். சுற்றிலும் கொஞ்சம் ஹீலியம் வாயு. ஊசியில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம். ஊசி முனையில் துருத்திக்கொண்டு நிற்கும் அணுவின் அருகே வந்த ஹீலியம், மின்னேற்றம் பெற்று, எதிரே உள்ள திரையில் போய் மோதியது. மோதிய இடத்தில் ஒரு ஒளிப்புள்ளி. ஒரு புள்ளி, ஒரு அணு!

1955-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி. டங்ஸ்டன் ஊசியில் இருந்த அணுக்களை இருவரும் திரையில் தனித்தனியாகப் பார்த்தார்கள். அணுவை மனிதன் கண்ணால் கண்டது அன்றுதான்.

முல்லர் 1977-ம் ஆண்டு காலமானார். நோபல் பரிசு கடைசி வரை அவருக்குக் கிடைக்கவில்லை.

கியூவா, கும்பலா?

சாண்டியா விஞ்ஞானிகள் இதே முறையைக் கையாண்டார்கள். பிளாட்டினம் கம்பியைச் சூடாக்கி, ஆவியாகக் கிளம்பிய சில அணுக்களை ஊசி முனையில் படிய விட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். மின்சாரத்தை நிறுத்தி ஊசிக்குக் கொஞ்சம் சூடு காட்டினார்கள். அணுக்கள் நகர்ந்தன. உடனே குளிர வைத்து மறுபடியும் போட்டோ. முன் படத்தையும் பின் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் யார் எங்கே போனார் என்று குட்டு வெளிப்பட்டுவிடும்.

4 அணு சதுரமாக நிற்பதில் ஆச்சரியம் இல்லை. வரிசையில் நின்றால் மொத்தம் 3 கைப்பிடி. சதுரமாக நின்றால் 4 கைப்பிடி. பிடி கூடினால் பலம் கூடும்.

5 அணு விஷயம்தான் புதிர். சதுரத்தோடு ஒன்று ஒட்டிக்கொண்டால் 5 பிடி. கியூவில் நின்றால் 4 பிடிதான். ஆனாலும் கியூவில் போய் நிற்கின்றன! வெறும் கைக்கணக்கு இங்கே செல்லாது. உலோகத்தில் பக்கத்து ஆள் கூடக் கூட ஒவ்வொரு பிடியும் சற்றுத் தளரும். காலுக்குக் கீழே உள்ள அணுக்களும் லேசாக நெளிந்து கொடுக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

ஆள் மாறாட்டம்!

அதைவிடப் பெரிய வேடிக்கை, ஒற்றை அணு நடக்கும் விதம். மேலோட்டமாகப் பார்த்தால் அது ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குத் தாவுவது போலத்தான் தெரியும்.

1990-ம் ஆண்டு சாண்டியாவைச் சேர்ந்த கெல்லாக், பீபெல்மன் இருவரும் ஓர் அணுவின் நடமாட்டத்தைத் தொடர்ந்து குறித்துப் பார்த்தார்கள். சதுரங்கப் பலகையில் ஒரே நிறக் கட்டங்களில் மட்டும் அது நின்றிருந்தது. மற்ற நிறக் கட்டத்தில் கால் வைக்கவே இல்லை. தாவிப் போயிருந்தால் பக்கத்துக் கட்டத்திலும் நின்றிருக்கும் அல்லவா?

நடந்தது ஆள் மாறாட்டம்! மேலே நின்ற அணு, தரையில் இருந்த ஒரு அணுவைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. தள்ளப்பட்ட அணு குறுக்கே உள்ள கட்டத்தில் மேலே முளைக்கிறது. படத்தில் பார்ப்பவருக்கு ஒரே ஆள் நடந்து போனது போல இருக்கும். உண்மையில் உள்ளே போனவர் ஒருவர். வெளியே வந்தவர் வேறொருவர்!

இதெல்லாம் பூஜ்யத்துக்குச் சுமார் 100 டிகிரி கீழே உள்ள குளிரிலேயே நடந்துவிடுகிறது.

கார் புகைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. சென்னை உள்பட 4 பெருநகரங்களில் 1995-ம் ஆண்டு ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகை சுத்திகரிக்கும் கருவி கட்டாயம் ஆனது. இந்த வகைக் கருவியின் உள்ளே பிளாட்டினம் போன்ற விலை உயர்ந்த உலோகம் பீங்கான் கூட்டின் மேல் பொடிப்பொடியாகப் படிந்திருக்கும். உயிரைக் குடிக்கும் கார்பன் மோனாக்சைடு புகையை அது மாற்றிவிடுகிறது.

ஆனால் புகை தொடுவது வெளியே நிற்கும் அணுவை மட்டும்தான். எஞ்சின் சூட்டில் பொடிகள் நகர்ந்து, ஒன்றோடு ஒன்று சேர்ந்து, உருண்டை கட்டினால் உள்ளே மாட்டிக்கொண்ட அணுக்களுக்கு வேலை இல்லை. பிளாட்டினம் ஒரு குன்றிமணி கூடக் குறைந்திருக்காது. ஆனாலும் கருவி சோர்ந்துவிடும். விஷப்புகை தெருவுக்கு வரும்.

அங்கே தரை உலோகம் அல்ல, பீங்கான்தான். ஆனாலும் கேள்வி ஒன்றே: அணுக்கள் எப்போது நகரும்? எப்போது கூடும்? எப்போது பிரிந்து நிற்கும்?

பஸ் ஸ்டாப்பில் நிற்பவர் மூச்சில் போகும் புகை, இந்தப் பொடி அணுக்கள் கும்பல் சேராமல் இருப்பதைப் பொறுத்தது.