தள்ளாதவர் விடுதிகளும் சர்க்கார் உத்தரவும்

கொள்ளைநோய்க் காலத்தில் முதியோர் விடுதிகளைச் சர்க்கார் எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தலாம் என்று கேட்பவர்கள், பெரும்பாலும் விடுதி முதலாளிகளையும் சிப்பந்திகளையும் மனத்தில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். சர்க்கார் தாமே பிறப்பிக்கும் உத்தரவைக் கட்டுப்படுத்துவது யார் என்ற கேள்வி அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இங்கிலாந்தில் 2020-ம் வருஷம் நடந்ததை ஆராய்ந்து பார்த்தால், இந்த இரண்டாவது கேள்வியே முக்கியமானது என்பது விளங்கும்.

அவ்வருஷம் மார்ச்சு 17-ந் தேதி, வெளியே அனுப்பத் தகுந்த நோயாளிகளை உடனே அனுப்பிப் படுக்கைகளைக் காலி செய்யும்படி ஆஸ்பத்திரிகளுக்குத் தாக்கீது போயிற்று. இத்தாலியில் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்ததைக் கண்டு அஞ்சிச் செய்த காரியம் அது. அந்த அச்சத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் வீடு வாசலற்ற தள்ளாதவர்கள் எங்கே போவார்கள்? ஏப்ரல் 15-ந் தேதிக்குள் சுமார் 25,000 பேர் ஆஸ்பத்திரியிலிருந்து விடுதிகளுக்கு மாற்றப்பட்டனர். அனுப்புமுன் நோயில்லை என்று பரிசோதித்து அறிவது அவசியமில்லை என ஏப்ரல் 2-ந் தேதிய சர்க்கார் குறிப்பு கூறிற்று. நோய்க்குறி வெளியே தெரியாதவர்களையும் சில நாள் தனியே வைத்திருங்கள் என்ற ஒரு வரியாவது அதில் இருந்ததா? இல்லை. இத்தனைக்கும், குறி தோன்றாதவர்களிடமிருந்தும் நோய் தொற்றக்கூடும் என்பதைச் சர்க்காரின் தலைமை விஞ்ஞான ஆலோசகரே மார்ச்சு 13-ந் தேதி வானொலியில் பேசியிருந்தார். ஒரு மந்திரி சபையின் ஒரு காதுக்கு எட்டியது மறு காதுக்கு எட்டவில்லை போலும்!

இதற்கிடையே மார்ச்சு 16-ந் தேதி, விடுதிகளை மேற்பார்வையிடும் ஸ்தாபனமும் தனது வழக்கமான நேரடிச் சோதனைகளை நிறுத்திவிட்டது. பெற்ற மக்களுக்கும் வாசற்கதவு அடைபட்டது. ஆக, உள்ளே நோயும் போகலாம், நோயாளியும் போகலாம். உள்ளே நடப்பதைப் பார்க்கும் கண்கள் மட்டும் போகலாகாது என்ற நிலைமை ஏற்பட்டது. மார்ச்சு 2 முதல் ஜூன் 12 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விடுதிவாசிகள் 19,394 பேர் இந்நோயின் சம்பந்தத்தோடு மாண்டதாகப் புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது.

இவ்வளவு மரணங்களுக்கும் ஆஸ்பத்திரித் தாக்கீது ஒன்றே காரணம் என்று நாம் வாதிக்கப் போவதில்லை. வெளியிலிருந்து வந்துபோகும் சிப்பந்திகள் மூலமாகவும் நோய் பரவியது மெய்யே. ஆனால் அச்சிப்பந்தி ஏன் ஒரு விடுதியிலிருந்து மற்றொன்றுக்கு ஓடினான்? ஒரே இடத்துச் சம்பளம் வயிற்றுக்குப் போதவில்லை. உடம்பு சரியில்லையென்று படுத்தால் கூலியும் குறைந்தது. தனித்திருப்பவருக்கு முழுச் சம்பளம் கொடுக்கவும், ஒருவர் பல விடுதிகளில் வேலை செய்வதைக் குறைக்கவும் 60 கோடி பவுன் ஒதுக்கப்பட்டது மே மாதத்தின் நடுவில்தான். அதற்குள் பிணங்கள் புதைபட்டுவிட்டன.

தந்தையரை இழந்த இரண்டு பெண்மணிகள் தொடுத்த வழக்கில், 2022 ஏப்ரல் 27-ந் தேதி லண்டன் ஹைக்கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதைப் படிப்பவர்கள் நிதானத்துடன் படிக்க வேண்டும். நோயாளிகளை வெளியே அனுப்பியதே சட்டவிரோதம் என்று நியாயாதிபதிகள் சொல்லவில்லை. உயிர் வாழும் உரிமையை ஆதாரமாகக் கொண்ட வாதத்தையும் அவர்கள் தள்ளிவிட்டனர். குறி தெரியாதவரிடமிருந்து முதியோருக்கு நேரக்கூடிய அபாயத்தை ஆலோசியாமல், புதிதாய் வருபவரை இயன்ற அளவு 14 நாள் பிரித்து வைக்குமாறு கூறாமல் விட்டதே சட்டத்துக்கு முரண் என்றனர். ஆம், எழுதியதற்காக அல்ல, எழுதாமல் விட்டதற்காகவே சர்க்கார் தோற்றனர். விடுதிகளைச் சுற்றி ஆதியிலிருந்தே பாதுகாப்பு வளையம் அமைக்க முயன்றதாக 2020 மே மாதத்தில் சுகாதார மந்திரி பெருமை பேசியதை இத்துடன் வைத்துப் பார்ப்பது நேயர்கள் பொறுப்பு.

அதே சர்க்கார் சிப்பந்திகள் விஷயத்தில் எவ்வளவு கண்டிப்பாய் இருந்தனர்! 2021 நவம்பர் 11 முதல், மருத்துவ விலக்கு பெற்றவர் தவிர, தடுப்பூசி போட்டுக்கொள்ளாத எவரும் விடுதிக்குள் வேலை செய்யலாகாது என்று சட்டம் செய்தனர். பலர் வேலையிழந்தபின் 2022 மார்ச்சு 15-ந் தேதி அதை ரத்தும் செய்தனர். தடுப்பூசியின் நன்மையை நாம் மறுக்கவில்லை. குறைந்த சம்பளக்காரனுக்குச் சட்டம், இலாகாவுக்கு வெறும் ஆலோசனைக் குறிப்பு என்ற பேதத்தைத்தான் கண்டிக்கிறோம்.

உறவினர் வந்து பார்ப்பதற்கு விடுதிகள் வசதி செய்ய வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் 6-ந் தேதி அமுலுக்கு வந்தது. நல்லதே. ஆயினும் அது விடுதியைக் கட்டும் விதியே. எந்த நாட்டுச் சர்க்காராயினும், இனித் தள்ளாதவர்களை ஆஸ்பத்திரியிலிருந்து மாற்ற உத்தரவிடும்போது, பரிசோதிப்பவர் யார், தனியே வைக்கும் இடம் எது, செலவு யாருடையது, நேரில் வந்து மேற்பார்வையிடும் அதிகாரி யார் என்பவற்றை அதே காகிதத்தில் எழுத வேண்டும். இவை இல்லாத உத்தரவை ஏற்க மறுக்கும் உரிமை விடுதித் தலைவருக்குச் சட்டத்தினாலேயே அளிக்கப்பட வேண்டும்.